கேட்பவனின் அமானிதம்

ஜேர்மனியின் மியூனிச் நகரில் ‘ஹவுஸ் டெர் குன்ஸ்ட்’ என்ற பெயரில் பெரிய கலைக்கூடமொன்று உண்டு. 2012 நவம்பர் முதல் 2013 பெப்ரவரி வரை அங்கே ஒரு கண்காட்சி நடைபெற்றது. அது கொண்டாடியது ஓர் ஓவியரையோ, பாடகரையோ, வாத்தியக் கலைஞரையோ அல்ல. இசைத்தட்டு வெளியிடும் ஒரு கம்பனியைக் கொண்டாடியது. ஈ.சி.எம். என்பது அதன் பெயர். ‘ஒரு பண்பாட்டு அகழாய்வு’ என்று கண்காட்சிக்குத் தலைப்பிட்டிருந்தார்கள். இசைத்தட்டு உறைகள், மூல ஒலிநாடாக்கள், புகைப்படங்கள், திரைப்படங்கள், இருந்து கேட்பதற்கென்றே அமைக்கப்பட்ட அறைகள் என்று கூடத்தை ஒலியாலும் பிம்பத்தாலும் நிரப்பினார்கள். பார்க்க வந்தவர் ஒலிக்குள்ளேயே நடந்து போனார்.

அந்தக் கண்காட்சிக்கு நான் போனவனல்ல. மடுல்கெல்லையில் இருக்கும் ஒருவனுக்கு மியூனிச் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அதைப் பற்றி எழுதப்பட்டவற்றையும், படங்களையும், அந்தக் கம்பனியின் இசையில் நான் கேட்ட சிலவற்றையும் கொண்டே பேசுகிறேன். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுவந்த சங்கிலியில் நான் கடைசிக் கண்ணி. இக்கட்டுரையின் விடயமும் அந்தச் சங்கிலிதான்.

என்னை உறுத்தும் கேள்விகள் இரண்டு. பாடியவனை விட்டுவிட்டு, பாட்டைப் பதிந்து விற்றவனுக்கு விழா எடுப்பது தகுமா? ஒலி நம்மைச் சூழ்ந்துகொள்ளும்போது நாம் நன்றாகக் கேட்கிறோமா, அல்லது கேட்கும் பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறோமா? இவை இசை ரசிகர்களின் கேள்விகள் போலத் தோன்றும். என்னளவில் இவை ஒழுக்கம் பற்றியவை. நம் சமூகத்துக்கு இவற்றில் சொந்தமான பங்கு இருக்கிறது என்பதையும் காட்ட விரும்புகிறேன்.

முதலில் அந்தக் கம்பனியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1969இல் மன்ஃப்ரெட் ஐகர் என்பவர் மியூனிச்சில் அதைத் தொடங்கினார். அவர் டபிள் பேஸ் என்ற பெருவயலின் வாசித்தவர். முதல் வெளியீடு கறுப்பின அமெரிக்கப் பியானோக் கலைஞரான மால் வோல்ட்ரனுடையது. 1975 ஜனவரி 24ஆம் திகதி கொலோன் நகர ஒபரா மண்டபத்தில் கீத் ஜரட் தனியாகப் பியானோ வாசித்தார். கேட்டிருந்த பியானோ கிடைக்கவில்லை. பழுதான ஒன்றே கிடைத்தது. அதிலே அவர் அந்த நேரத்தில் கற்பித்து வாசித்த பதிவு பல இலட்சம் பிரதிகள் விற்பனையானது. அந்த வருமானத்தைக் கொண்டு, விற்காது என்று தெரிந்த பரீட்சார்த்த இசையையும் ஐகர் தொடர்ந்து வெளியிட முடிந்தது. 1984இல் எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் ‘தபுலா ராசா’வுடன் புதிய தொடரொன்றையும் ஆரம்பித்தார். இன்று வெளியீடுகள் ஆயிரத்துக்கு மேல். மௌனத்துக்கு அடுத்தபடியான அழகு இந்த ஒலிக்கே உரியது என்ற கருத்தில் 1971இல் கனேடிய ஜாஸ் சஞ்சிகையொன்று எழுதியது. அதுவே கம்பனியின் அடையாள வாக்கியமாக நிலைத்துவிட்டது. இறுவட்டைப் போட்டால் முதல் ஐந்து விநாடிகளுக்கு ஒன்றும் கேட்காது. அந்த மௌனம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

கம்பனியின் வரலாற்றில் நமக்கு நெருங்கிய பெயர்களும் உண்டு. வயலின் கலைஞர் எல். சங்கர் சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அவருடைய தந்தை வி. லக்ஷ்மிநாராயணா அங்கே இசை கற்பித்தார். 1958 கலவரத்தின் பின் குடும்பம் இந்தியாவுக்குப் பெயர்ந்தது. 1980இல் சங்கர் தமது இரட்டை வயலினோடு, உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கமும் சாகிர் ஹுஸைனின் தபலாவும் சேர ஈ.சி.எம்முக்காக வாசித்தார். ராகம் தானம் பல்லவி ஒரு ஜேர்மன் கம்பனியின் உறைக்குள் புகுந்தது. துனீசியாவின் ஊத் வாத்தியக் கலைஞர் அனுவர் பிரஹேம் 1991இல் அங்கே வெளியிட்ட முதல் தொகுப்புக்கு வைத்த பெயர் ‘பர்ஸக்’. 2009இல் வெளிவந்த ஒன்றை அவர் பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்.

கண்காட்சி நடந்த கட்டடத்தின் கதையையும் விட்டுவிட முடியாது. நாஸி அரசு 1937இல் ‘ஜேர்மன் கலை’யின் கோயிலாக அதைத் திறந்தது. மறுநாளே பக்கத்தில், ‘சீரழிந்த கலை’ என்று பெயரிட்டு நவீன ஓவியங்களை இழிவுபடுத்தும் கண்காட்சியையும் திறந்தது. 1938இல் டுஸ்ஸல்டோர்ஃபில் ‘சீரழிந்த இசை’ கண்காட்சி நடந்தது. அதன் சுவரொட்டியில் சாக்ஸபோன் ஊதும் கறுப்பின மனிதனைக் கேலிச்சித்திரமாக வரைந்து, நெஞ்சில் யூத நட்சத்திரத்தைக் குத்தியிருந்தார்கள். எழுபது சொச்சம் ஆண்டுகளின் பின், அதே கட்டடத்தில் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையிலிருந்து புறப்பட்ட ஒரு கம்பனிக்கு விழா. விழாவை முன்னின்று அமைத்தவர்களுள் ஒருவர் அப்போது கூடத்தின் பணிப்பாளராக இருந்த ஒக்வி என்வேசர். அவர் நைஜீரியாவில் பிறந்த கறுப்பினத்தவர், 2019இல் மறைந்தார். கல்லும் தூணும் மாறவில்லை. உள்ளே கேட்கப்படுவது மாறியது. ஒரு சமூகம் யாருடைய குரலைக் கேட்கத் தகுந்தது என்று கொள்கிறது என்பதே அதன் ஒழுக்கத்தின் அளவுகோல் என்று நான் எண்ணுவதற்கு இந்த ஒரு கட்டடமே போதும்.

இனி முதலாவது கேள்வி. பதிந்து விற்றவனுக்கு விழா எடுக்கலாமா?

பாடியவன் இருக்க வியாபாரியைப் போற்றுவதா என்று உடனே கேட்கத் தோன்றுகிறது. ஆனால் முஸ்லிம்களாகிய நாம் இப்படிக் கேட்கும் முன் சற்று நிதானிக்க வேண்டும். இடையில் நின்று கடத்தியவர்களை ஆராய்வதற்கென்றே ஒரு கலையை வளர்த்த சமூகம் நாம். ஹதீஸின் மத்னோடு இஸ்னாதையும் காத்தோம். யார் யாரிடம் கேட்டார், எந்த ஊரில் கேட்டார், ஞாபகசக்தி எப்படி, நாணயம் எப்படி என்று ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களின் வாழ்வை அறிஞர்கள் எழுதி வைத்தார்கள். சொல் நம்மை வந்தடைய வேண்டுமாயின் அதைச் சுமந்து வந்தவன் முக்கியமானவன் என்பது நமக்குப் புதிய செய்தியல்ல. நபிமொழியையும் இசைத்தட்டையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் கருத வேண்டாம். ‘கடத்துபவனுக்கு என்ன மதிப்பு’ என்ற கேள்விக்கு நம்மிடம் பழைய, நுட்பமான விடை இருக்கிறது என்பதையே சொல்கிறேன்.

அந்த விடையில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. கடத்துபவனுக்கு மதிப்பு வருவது அவன் காத்த அமானிதத்தால். கூட்டாமல், குறைக்காமல், யாரிடமிருந்து பெற்றான் என்பதை மறைக்காமல் ஒப்படைக்க வேண்டும். இந்த அளவுகோலைக் கொண்டு ஈ.சி.எம்மைப் பார்த்தால் புகழும் உண்டு, ஐயமும் உண்டு. அதன் உறைகளில் வாசித்தவர், பதிவு செய்த பொறியாளர், பதிந்த மாதம், கலையகம் எல்லாம் இருக்கும். இது ஒருவகை இஸ்னாத்தான். தொகுப்பு என்பது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே படைப்பு என்ற பிடிவாதத்தால், 2017 நவம்பர் வரை இணையவழி இசைச் சேவைகளுக்கு அது தன் பதிவுகளைக் கொடுக்கவில்லை. மறுபுறம், பெரிய வெற்று மண்டபத்தில் எழுவது போன்ற குளிர்ந்த எதிரொலியொன்றை அந்தக் கம்பனி தன் முத்திரையாகக் கொண்டிருக்கிறது. ஒஸ்லோவின் ரெயின்போ கலையகத்தில் பொறியாளர் யான் எரிக் கொங்ஸ்ஹாவ் உருவாக்கிய பதிவுகள் அந்த முத்திரைக்குப் புகழ் பெற்றவை. அழகாகவே இருக்கிறது. ஆயினும் எந்த நாட்டு வாத்தியமானாலும் அதே வெளியில், அதே தெளிவில் ஒலித்தால், நாம் கேட்பது வாசித்தவனையா, கடத்தியவனையா? அறிவிப்பாளனின் குரல் மத்னின் மேல் ஏறி நிற்கும் இடம் இது. விழாவின் மூலகாரணமும் அதுதான்: கடத்தியவனின் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் தெரிகிறது என்பதற்காகவே அவனுக்கு ஒரு கூடம் கிடைத்தது.

இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நிறமே இல்லாத கண்ணாடி உலகில் இல்லை. ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவன் அந்த நிமிடமே இசையில் கை வைத்துவிடுகிறான். செய்யக்கூடியது, தான் என்ன செய்தான் என்பதை மறைக்காதிருப்பது. தன் நிறத்தை மறைக்காத கண்ணாடி, நிறமில்லை என்று சாதிக்கும் கண்ணாடியைவிட நாணயமானது. இந்த வகையில் அந்தக் கம்பனிக்கு எடுத்த விழாவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினமானது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் நாற்பது கிதாபுகளில் ஒன்றை, பதினெட்டாவதை, ஸமாஃ எனும் செவிமடுத்தலின் ஒழுங்குகளுக்கு ஒதுக்கியிருக்கிறார். அங்கே ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்களின் கருத்தொன்றைக் கொண்டுவருகிறார். செவிமடுப்பதற்கு மூன்று தேவை: காலம், இடம், இஹ்வான் என்ற தோழர்கள். இம்மூன்றும் கூடாவிட்டால் கேட்காமலிருப்பதே நல்லது. மனம் வேறொன்றில் ஈடுபட்டிருக்கும் நேரம் கேட்பதற்குரிய காலமல்ல. பாதையோரம் கேட்பதற்குரிய இடமல்ல. பகட்டுக்காக வந்திருப்பவன் தோழனல்ல.

மியூனிச் கண்காட்சியை இந்த மூன்றின் மேல் வைத்துப் பார்த்தேன். காலம் உண்டு, நுழைவுச்சீட்டு வாங்கியவன் தன் பகலில் ஒரு பகுதியை அதற்கென்று ஒதுக்கி வருகிறான். இடமும் உண்டு. தோழர்கள்? நூறு பேர் வரலாம். ஒருவர் காதுக்கருவி அணிந்து மூலையில் இருப்பார். ஒருவர் அடுத்த அறைக்குப் போய்க்கொண்டிருப்பார். ஒருவர் படம் பிடிப்பார். அவர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள், ஒன்றாக இல்லை. றாத்திபு மஜ்லிஸில் பக்கத்திலிருப்பவரின் மூச்சு தடுமாறினால் நம் குரல் அதைத் தாங்கும். கண்காட்சியில் யாருக்கும் யாரும் தேவையில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கண்காட்சிக்காக லண்டனைச் சேர்ந்த ஒட்டோலித் குழுவினர் ஒரு படம் செய்தார்கள். கொலின் வோல்கொட், டொன் செரி, நானா வாஸ்கொன்சலோஸ் மூவரும் சேர்ந்த ‘கொடோனா’ குழு 1978இல் செய்த ஒலிப்பதிவே அதன் பொருள். ஒருவர் சிதாரும் தபலாவும் கற்ற அமெரிக்கர், ஒருவர் எக்காளம் ஊதும் கறுப்பின அமெரிக்கர், ஒருவர் பிரேசிலின் ஒற்றை நரம்பு வாத்தியக்காரர். மூன்று கண்டங்களின் மரபுகள் ஓர் அறையில் ஒன்றை ஒன்று கேட்டபடி நின்றன. மூவரும் இன்று இல்லை. அந்த அறையிலிருந்த தோழமை தட்டிலும் படத்திலும்தான் மிஞ்சியிருக்கிறது. மண்டபத்தில் தனியே நிற்பவனுக்கு அந்த இஹ்வான் தூரத்திலிருந்தேனும் தெரிகிறதல்லவா? தெரிகிறது. ஆனால் பந்தியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதற்கும் பந்தியில் அமர்வதற்கும் வேறுபாடு உண்டு.

கேட்டல் என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதை அரபு மொழி பிரித்துச் சொல்கிறது. காதில் விழுவது ஸமாஃ. மனம் வைத்துக் கேட்பது இஸ்திமாஃ. பேச்சை அடக்கி மௌனமாக இருப்பது இன்ஸாத். திருக்குர்ஆன் ஓதப்படும்போது நமக்குரிய கட்டளை ஸூரா அல்-அஃராபில் இருக்கிறது. அங்கே செவிதாழ்த்தலும் மௌனம் காத்தலும் தனித்தனியே ஏவப்படுகின்றன. வாய் மூடியிருந்தும் கேட்காதவன் இருக்கலாம் என்பதனாலோ என்னவோ. சூழ்ந்து நிற்கும் ஒலி முதலாவதை மட்டும் நிச்சயப்படுத்தும். காதில் விழும், தப்ப முடியாது. மற்ற இரண்டும் உள்ளே நடக்க வேண்டியவை. எந்த ஒலிபெருக்கியாலும் அவற்றை நமக்காகச் செய்து தர முடியாது.

இப்னு உமர் (ரழி) அவர்களைப் பற்றிய அறிவிப்பொன்று அபூதாவூதில் இருக்கிறது. வழியில் ஆட்டிடையனின் குழலோசை கேட்டபோது அவர் விரல்களால் காதுகளை அடைத்துக்கொண்டு பாதையை விட்டு விலகினார். ‘இன்னும் கேட்கிறதா’ என்று கூட வந்த நாபிஃ அவர்களிடம் கேட்டுக்கொண்டே போனார்; இல்லை என்றதும் விரல்களை எடுத்தார். நபி (ஸல்) அவர்கள் அப்படிச் செய்ததைக் கண்டதாகவும் சொன்னார். அறிவிப்பின் தரம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இசையைத் தடுப்பவர்கள் காதை அடைத்ததை ஆதாரமாகக் கொள்கிறார்கள். மற்றவர்கள், ஹராமாக இருந்தால் நாபிஃயை ஏன் கேட்க விட்டார், இடையனை ஏன் தடுக்கவில்லை என்கிறார்கள். இந்தக் கட்டுரை பத்வா அல்ல. நான் கவனிப்பது வேறொன்றை. காதை அடைத்துக்கொண்டவர் அந்தக் குழலோசைக்கு ஒரு மனிதனை மாற்றும் வல்லமை உண்டு என்று நம்பினார். இன்று கடையிலும் பஸ்ஸிலும் லிஃப்டிலும் ஓடிக்கொண்டே இருக்கும் பாட்டுக்கு நடுவில் எதையும் கேளாமல் நிற்பவன் அப்படி நம்பவில்லை. இசையை விலக்கியவர் அதற்குக் கொடுத்த மதிப்பை, இசையில் மூழ்கிக் கிடப்பவன் கொடுப்பதில்லை. மூழ்கடிக்கும் கலையின் ஆபத்து இங்கேதான். மூழ்கியவனுக்குத் தண்ணீரின் சுவை தெரியாது.

விலகும் உரிமையையும் இதனோடு சேர்த்துப் பேச வேண்டும். 2007 நவம்பரில் நமது உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிகள் பற்றி ஒரு தீர்ப்பை வழங்கியது. வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக எழுந்த வழக்கு அது. விருப்பமில்லாத எவரையும் ஓர் ஒலிக்குக் கைதியாக்கக் கூடாது என்ற கருத்தை நீதிமன்றம் முன்வைத்தது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு வந்தது. நம்மவர் பலருக்கு அது கசப்பாக இருந்தது. சுபஹுடைய பாங்கு அந்த நேரத்துக்குள்தானே வருகிறது. அந்தக் கசப்பு எனக்குப் புரிகிறது. ஆயினும் அதன் உள்ளே இருந்த கோட்பாடு நம்முடையதும்தான் என்று நினைக்கிறேன். இப்னு உமர் அவர்கள் பாதையை விட்டு விலக முடிந்தது. விலக ஒரு பாதை இருந்தால்தான் கேட்பதற்கு ஒழுக்கப் பெறுமதி வரும். பாங்கு அழைப்பு, அழைக்கப்பட்டவன் தன் காலால் நடந்து வரவேண்டும்.

இவ்வளவும் மியூனிச்சுக்காக மட்டும் எழுதப்படவில்லை. மடுல்கெல்லையைச் சூழ்ந்த தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்குத் தப்படித்து ஆட்களை எழுப்பிய காலம் ஒன்று இருந்தது. துரையின் கட்டளைக்கு அடித்த அதே தப்பு, காமன் கூத்துக்கும் மையத்து ஊர்வலத்துக்கும் அடித்தது. ஒரே தோல், வெவ்வேறு அர்த்தம். கடைவீதிக்கு றபான் தட்டிக்கொண்டு பக்கீர் பாவாக்கள் வந்தார்கள். ரிபாஇய்யா றாத்திபும், மௌலூதும், புர்தாவும், நம் பெண்களின் தாலாட்டும் இருந்தன. இவற்றில் எத்தனை பதிவாயின? ‘பித்அத்’ என்று சில அடங்கின. வெட்கத்தால் சில அடங்கின. தொலைக்காட்சி வந்ததால் சில அடங்கின. நக்கிள்ஸ் மலைக்காடு 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அந்த மலையடிவாரத்தில் கேட்ட குரல்களுக்கு அப்படியொரு பட்டியல் இல்லை.

குரல் பதிவானாலும் உரியவரிடம் அது தங்குமா என்பது இன்னொரு கேள்வி. சேலத்திலிருந்து வந்து இந்நாட்டின் பெரும் பாடகர்களில் ஒருவரான முஹிதீன் பேக் 1991இல் காலமானார். அவர் சிங்களத்தில் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் இன்றும் வெசாக் நாட்களில் ஒலிக்கின்றன. தமிழ்நாட்டு முஸ்லிம் ஒருவரின் குரல் வேறொரு சமூகத்தின் வணக்கத்துக்குள் அமானிதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தச் சமூகமும் அதைக் காத்து வந்திருக்கிறது. வெறுப்பு பேசப்பட்ட ஆண்டுகளிலும் அந்தத் தட்டு நிற்கவில்லை. பதிவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள மிக நல்ல பதில் இது.

அனுவர் பிரஹேமின் ‘பர்ஸக்’ என்ற தலைப்பு இங்கே நினைவுக்கு வருகிறது. மரணத்துக்கும் மறுமைக்கும் இடைப்பட்டது பர்ஸக்; இரு கடல்களுக்கு நடுவிலுள்ள திரையும் பர்ஸக். பதிவு செய்த குரலும் அப்படியொரு இடைநிலையில் நிற்கிறது. பாடியவர் போய்விட்டார், கேட்கப் போகிறவர் இன்னும் பிறக்கவில்லை, குரல் நடுவில் காத்திருக்கிறது. அதைச் சுமந்து நிற்பவனிடம் இருப்பது பிறருடைய பொருள். அதை அழகுபடுத்தும் அதிகாரம் அவனுக்குக் குறைவு. காக்கும் கடமை அதிகம்.

எனவே நமக்கு ஒரு கூடம் வேண்டுமென்று நான் கேட்க மாட்டேன். இருட்டறையும் எட்டுத் திசை ஒலிபெருக்கியும் பிறகு வரட்டும். இப்போதைக்கு ஒவ்வொருவர் கையிலும் ஒலி பதியும் போன் இருக்கிறது. உம்மும்மாவின் தாலாட்டைப் பதியுங்கள். முதலில் அனுமதி கேளுங்கள். அவர் பெயரையும் ஊரையும், அதை யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். இஸ்னாத் அறுந்துவிடக் கூடாது. இடையில் அவர் இருமினால் வெட்டாதீர்கள். குழந்தை அழுதால் நிறுத்தாதீர்கள். பாட்டு அந்தக் குழந்தைக்காகத்தான். வேண்டாம் என்று அவர் சொன்னால் போனைப் பைக்குள் போட்டுவிட்டு வெறுமனே கேளுங்கள். அப்போதும் நீங்கள் ஒரு கண்ணிதான்.

அதைப் பிறருக்குக் கேட்கக் கொடுக்கும்போது, முடிந்தால் நாலு பேரைக் கூட்டி, ஒரே பாயில் அமர்ந்து கேளுங்கள். காலமும் இடமும் காசுக்குக் கிடைக்கும். மூன்றாவதை நாமே கொண்டுவர வேண்டும்.